கை வருமா? தோள் நரம்புப் பின்னல் அறுவைச் சிகிச்சையில் எதிர்பார்ப்பும் திருப்தியும்

1. கேள்வி

நரம்புச் சீரமைப்பு பற்றிய மருத்துவ ஆய்வுகளில் ஒரு முரண் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. கிரெட்ச்மரும் சகாக்களும் ஜெர்மனியிலிருந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். தோள் நரம்புப் பின்னலில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திருப்தி என்றார்கள். மறுபடியும் இந்த நிலை வந்தால் இதே அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்வோம் என்று சொன்னவர்களும் ஏறத்தாழ அதே அளவினர். அதே வினாத்தாளின் இன்னொரு பகுதி இந்த ஆட்களின் கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டது. அதற்கு வந்த விடைகள் கணிசமான, நிரந்தரமான இயலாமையைக் காட்டின.

கை சரியாகவில்லை, ஆனால் திருப்தி. இதை எப்படிப் படிப்பது? அறுவை மருத்துவர்களில் பலர் இதை வெற்றிச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐயுறுவோர் இதை மரியாதைப் பேச்சு என்கிறார்கள்: தன்னைக் காப்பாற்ற முயன்றவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? இரண்டு வாசிப்புகளும் அவசரமானவை என்பது என் கருத்து. திருப்தியைக் கேட்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகிச்சைக்குப் பிறகு கேட்கின்றன. சிகிச்சைக்கு முன்பு அந்த மனிதர் எதை எதிர்பார்த்து மேசையில் படுத்தார் என்பது பதிவாவதில்லை. முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதியைக் கூட்டிக் கழித்து வரும் எண்ணுக்கு, அது 80 ஆனாலும் 40 ஆனாலும், அதிகப் பொருள் இல்லை. இந்தக் கட்டுரை அந்த முதல் பாதியைப் பற்றியது.

2. காயமும் காலமும்

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்புகின்றன. மருத்துவர்கள் அவற்றை சி5, சி6, சி7, சி8, டி1 என்று குறிப்பார்கள். காறை எலும்புக்குப் பின்னால் அவை பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாவற்றின் அசைவும் உணர்வும் இந்தப் பின்னல் வழியாகவே போகின்றன. இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது தலை ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் இழுபடுகின்றன. இடையில் இருக்கும் பின்னல் இழுபடுகிறது, அறுகிறது, சில வேளை வேரே தண்டுவடத்திலிருந்து பிடுங்கப்பட்டுவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நராகாஸ் தம்முடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்திலிருந்து 1985-ல் ஒரு கணக்கைச் சொன்னார். துறைக்குள் அதற்கு 'ஏழு எழுபதுகள்' என்று பெயர். இத்தகைய காயங்களில் சுமார் 70 விழுக்காடு சாலை விபத்தால் வருபவை. அவற்றில் 70 விழுக்காடு இருசக்கர வாகன விபத்துகள். அவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வேறு காயங்களும் உண்டு. காறை எலும்புக்கு மேலே அடிபட்டவர்களில் 70 விழுக்காட்டினருக்கு ஒரு வேராவது பறிபட்டிருக்கும். கணக்கு இப்படியே இறங்கி, கீழ்வேர்கள் பறிபட்டவர்களில் 70 விழுக்காட்டினருக்குத் தீராத வலி இருக்கும் என்பதில் முடிகிறது. இதைத் துல்லியமான புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதை இது சரியாகவே சொல்கிறது: வண்டி ஓட்டிய இளைஞர், உடம்பில் வேறு எலும்புகளும் முறிந்தவர், வலியோடு இருப்பவர்.

நோயாளியின் எதிர்பார்ப்பு பெரும்பாலும் ஓர் உருவகத்திலிருந்து பிறக்கிறது. நரம்பு என்பது வயர், அறுந்த வயரை இணைத்தால் கரண்ட் வரும். நரம்பு அப்படி வேலை செய்வதில்லை என்பதை உடலியலாளர் வாலர் 1850-லேயே தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்துக் காட்டிவிட்டார். வெட்டுக்கு அப்பால் இருக்கும் இழை முழுவதும் சிதைந்து போகிறது. அறுவை மருத்துவர் இணைப்பது உறையை மட்டுமே. இழை மேலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு, மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று தோராயமாகச் சொல்வார்கள். கழுத்திலிருந்து வளர்ந்த ஆளின் உள்ளங்கை வரை போக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்.

இன்னொரு பக்கம் தசை காத்திருக்காது. நரம்பு வந்து சேரும் முனைகள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களுக்குள் பயனற்றுப் போகத் தொடங்குகின்றன. ஆகவே கழுத்தில் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பெரியவர்களுக்கு விரல்களின் சிறுதசைகளுக்கு இழை நேரத்துக்குப் போய்ச் சேராது. விபத்து நடந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

வேர் பறிபட்டவர்களுக்குத் தைப்பதற்கே நுனி கிடையாது. அங்கே செய்வது இடமாற்றம். அருகில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு நரம்பின் பகுதியைப் பிரித்து, செயலிழந்த தசையின் நரம்போடு இணைக்கிறார்கள். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை முழங்கை மடக்கும் நரம்போடு இணைக்கும் முறையை பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் செடன் 1960-களின் தொடக்கத்தில் எழுதினார். பிரான்ஸைச் சேர்ந்த ஒபர்லின் 1994-ல் விரல்களுக்கு இறங்கும் அல்நார் நரம்பின் ஒரு சிறு கற்றையை, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நரம்புக் கிளையோடு இணைத்துக் காட்டினார். தசைக்கு மிக அருகிலேயே இணைப்பு நடப்பதால் இழை போக வேண்டிய தூரம் சில அங்குலங்கள்தான். மேல்வேர்கள் மட்டும் அறுந்து கை விரல்கள் வேலை செய்யும் நோயாளிகளுக்கு இந்த முறை நரம்பு அறுவையின் முகத்தையே மாற்றியது என்றால் மிகையில்லை.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. விலா நரம்பு இணைக்கப்பட்டவருக்கு ஆரம்ப மாதங்களில் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் முழங்கை அசையும். இருமினால் கை துள்ளும். ஒபர்லின் முறையில் மணிக்கட்டை மடக்கி, விரல்களை இறுக்கினால் பைசெப்ஸ் துடிக்கும். பிறகு பல மாதப் பயிற்சியில் மூளை புதிய பாதையைத் தனதாக்கிக்கொள்கிறது. இதை முன்கூட்டி அறிந்தவர் இருமும்போது கை துள்ளுவதைப் பார்த்துக் கொண்டாடுவார். அறியாதவர் ஏதோ தப்பாக இணைத்துவிட்டார்கள் என்று பயப்படுவார். துள்ளல் ஒன்றே, வந்து சேரும் மனநிலைகள் இரண்டு. திருப்தி அறுவை அரங்குக்கு வெளியே, அதற்கு வெகு முன்பே உருவாகத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

3. இரண்டு அளவுகோல்கள்

தசையின் வலுவைப் பூச்சியம் முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறையை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், போர்க்காயங்களுக்காக வகுத்தது. பூச்சியம் என்றால் துடிப்பே இல்லை. மூன்று என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது. நான்கு என்றால் எதிர்த்து அழுத்தினாலும் தூக்க முடிகிறது. இன்றும் நரம்பு அறுவைக் கட்டுரைகளில் 'பயனுள்ள மீட்சி' என்று எழுதினால் பெரும்பாலும் மூன்றும் அதற்கு மேலும் என்றே பொருள்.

மூன்றாம் நிலைக் கை தன் எடையைத் தானே தூக்கும். ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்காது. நான்காம் நிலை மிக அகலமானது. காய்கறிப் பை தூக்குபவரும் சிமென்ட் மூட்டை தூக்குபவரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். மருத்துவர் கட்டுரையில் வெற்றி எனக் கணக்கிடப்பட்ட ஒருவர் வீட்டுக்குப் போய், கை வரவில்லை என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

முன்னுரிமையிலும் இடைவெளி இருக்கிறது. எல்லா வேர்களும் போனவருக்கு மருத்துவர் முதலில் முழங்கை மடங்குவதையும், அடுத்துத் தோள் நிலைபெறுவதையும் குறிவைப்பார். கைப்பிடி அதற்குப் பிறகு. உடலியல் நோக்கில் இந்த வரிசை சரியானது. தோள் கழன்று தொங்கினால், முழங்கை மடங்காவிட்டால், விரல் வந்தும் பயனில்லை. நோயாளிக்கோ கை என்றால் விரல்தான். சோறு பிசைவது, சட்டைப் பொத்தான், வேட்டி முடிச்சு, வண்டியின் ஆக்சிலேட்டர், கும்பிடு. 'கை வருமா டாக்டர்?' என்ற கேள்விக்கு 'வரும், நாளாகும்' என்று பதில் வருகிறது. மருத்துவர் முழங்கையைச் சொல்கிறார், கேட்டவர் விரலைக் கேட்டார். இருவரும் உண்மை பேசியபடியே ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள். ஓராண்டு கழித்து முழங்கை மடங்குகிறது. மருத்துவர் புன்னகைக்கிறார். எதிரே இருப்பவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குறையை ஈடுசெய்யவே நோயாளியின் வாயிலிருந்து பதில் வாங்கும் வினாத்தாள்கள் வந்தன. அவற்றில் பரவலானது 1996-ல் வெளியான 'டாஷ்'. தோள், கை, விரல் சார்ந்த முப்பது கேள்விகள். இறுகிய மூடியைத் திறக்க முடிகிறதா, சாவியைத் திருப்ப முடிகிறதா, எழுத முடிகிறதா என்று போகும். இதன் அறிவுரைப் பகுதியில் ஒரு வரி கவனிக்கத்தக்கது: எந்தக் கையால் செய்கிறீர்கள் என்பதைப் பொருட்படுத்தாமல் விடை தருமாறு அது கேட்கிறது. வலக்கை செயலிழந்து, இடக்கையால் எழுதவும் உண்ணவும் பழகிக்கொண்டவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். அந்த மதிப்பெண்ணில் அறுவைச் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, இடக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மனிதரின் வாழ்க்கையை அளக்க இது நல்ல கருவி. நரம்பு இணைப்பை அளக்க அவ்வளவு நல்ல கருவி என்று சொல்ல மாட்டேன்.

நியூயார்க்கில் மன்குசோ, லீ, வுல்ஃப் ஆகியோர் வினாத்தாளை ஒதுக்கிவைத்து, நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எதிர்பார்ப்புகள் தசை வலுவைத் தாண்டி எங்கெங்கோ போவதை அது காட்டியது. வலி குறைவது, வேலைக்குத் திரும்புவது, பிறர் பார்வையில் கை எப்படித் தெரிகிறது என்பது, மனம் தேறுவது. இவற்றில் எதுவும் பூச்சியம் முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் இல்லை.

4. திருப்தி: ஒரு கருத்தின் பூர்வீகம்

திருப்தி என்பது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி என்ற கோட்பாட்டை முறைப்படுத்தியவர் ரிச்சர்ட் ஆலிவர். அவர் சந்தையியல் ஆய்வாளர். வாடிக்கையாளர் மனம் அவருடைய பொருள். ஆனால் 1980-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை தன் கோட்பாட்டைச் சோதிக்கக் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியை எடுத்துக்கொண்டது. ஊசிக்கு முன்பும் பின்பும் கேட்டார். முன்பு கேட்டது முக்கியம். பிற்பாடு மருத்துவமனைகள் இந்தக் கோட்பாட்டை வரித்துக்கொண்டபோது பின்பாதியை எடுத்துக்கொண்டு முன்பாதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

கடையிலிருந்து வந்த இந்தக் கருத்து மருத்துவத்துக்குப் பொருந்துமா என்று ஆய்வாளர் பிரையன் வில்லியம்ஸ் 1994-ல் கேட்டார். 1998-ல் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் தம் விடையை விரித்தார். நோயாளி ஒரு கசப்பான அனுபவத்தை உடனே அதிருப்தியாக மாற்றுவதில்லை. இடையில் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். இது இவர்களுடைய கடமைதானா? தவறியது இவர்கள் குற்றமா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால்தான் அதிருப்தி. இல்லாவிட்டால் அனுபவம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் 'திருப்தி' என்ற பெட்டியில் டிக் விழும்.

தோள் நரம்புப் பின்னல் நோயாளிக்கு இது அப்படியே பொருந்துகிறது. காயத்தைக் கொடுத்தது லாரி, அல்லது மழைச்சாலை, அல்லது தன் வேகம். மருத்துவர் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்று முயன்றிருக்கிறார். விரல் வராததற்கு அவர் குற்றவாளி ஆகமாட்டார். ஜெர்மனி ஆய்வின் முரணில் பெரும்பகுதியை வில்லியம்ஸின் இந்த விளக்கம் அவிழ்த்துவிடுகிறது. அந்த 'திருப்தி' கையைப் பற்றிய தீர்ப்பாக இருப்பதைவிட முயற்சியைப் பற்றிய தீர்ப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபடியும் செய்துகொள்வோம் என்ற விடையும் அப்படியே. வேறு என்னதான் செய்வது?

மூன்றாவது விளக்கம் ஆய்வாளர்கள் ஸ்ப்ராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் இருவரும் 1999-ல் முன்வைத்தது. கடும் நோயோடு வாழ்பவரின் உள் அளவுகோலே காலப்போக்கில் நகர்ந்துவிடுகிறது. 'மோசம்' என்பதன் எல்லை தள்ளிப் போகிறது, எது முக்கியம் என்ற வரிசை மாறுகிறது, நல்வாழ்வு என்பதற்கான வரையறையே வேறாகிறது. விபத்துக்கு முன் கபடி ஆடியவர் மூன்றாம் ஆண்டில் குழந்தையைச் செயலிழந்த கையால் அணைத்துப் பிடிக்க முடிவதைப் பெரிதாகச் சொல்லலாம். இதை ஏமாற்று என்றோ தோல்வியோடு சமரசம் என்றோ ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. வாழ்க்கை நகர்ந்ததன் அடையாளம் அது. ஆனால் ஆய்வாளருக்கு ஒரு சிக்கல்: மூன்றாம் ஆண்டில் நகர்ந்துவிட்ட அளவுகோலால் அளந்த திருப்தியை, முதல் மாதத்து நோயாளியிடம் 'எண்பது விழுக்காட்டினர் திருப்தி' என்று எடுத்துச் சொன்னால், அவர் தன் இன்றைய அளவுகோலால் அதைக் கேட்பார். அவர் மனதில் எழுவது சிமென்ட் மூட்டை தூக்கும் கை. எண் ஒன்றே, ஆனால் சொன்னவரும் கேட்டவரும் அதில் ஒரே பொருளைக் காண்பதில்லை.

5. யாரும் உறுதி தராத ஒன்று

வேர் பறிபட்ட வலி தனி வகை. எரிகிறது, நசுக்குகிறது, இடையிடையே மின்னல் போல வெட்டிப் போகிறது. உணர்வே இல்லாத கையில் வலி மட்டும் இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவர் வின் பாரி இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, வேலையில் மனம் ஒன்றும்போது வலி தணிகிறது என்பதைப் பதிவு செய்தார். நரம்பு அறுவைச் சிகிச்சையின் முதன்மை நோக்கு அசைவு. வலி குறையலாம், குறையாமலும் போகலாம். நோயாளியோ, நரம்பில்தானே கோளாறு, நரம்பைச் சரிசெய்தால் வலி போகும் என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறார். யாரும் சொல்லாத வாக்குறுதி இது. மறுக்கப்படாததால் வாக்குறுதியாகவே நிற்கிறது. அறுந்த நரம்பின் இடைவெளியை நிரப்பக் காலின் சூரல் நரம்பை எடுத்துக் கழுத்தில் ஒட்டும்போது பாதத்தின் வெளியோரம் மரத்துப் போவதும் இப்படித்தான். மருத்துவர் கணக்கில் அது அற்பம். கைக்காக வந்தவர் காலில் மரப்போடு வீடு திரும்பினால், ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருந்ததா என்று யாரும் தேடப்போவதில்லை.

6. வேலூரிலிருந்து ஒரு பாடம்

சீரமைக்கப்பட்ட கை யாருக்காக, எதற்காக என்ற கேள்வி தமிழ்நாட்டில் மிகக் கூர்மையாக எழுந்தது 1940-களின் இறுதியில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். தொழுநோய் அல்நார் நரம்பை அழித்து விரல்களைப் பறவையின் நகம் போல மடக்கிவிடுகிறது. நரம்பை மீட்க வழியில்லாததால், அங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலை செய்யும் தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தினார். அறுவைகள் பலித்தன. விரல்கள் நிமிர்ந்தன. அப்போது அவர் எதிர்பார்க்காத முறையீடு ஒன்று வந்தது. சீரான கையைப் பார்த்தவர்கள் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்பதால் வேலையும் தருவதில்லை என்றார்கள் நோயாளிகள். பிச்சைக்கு உதவாத கை வந்திருக்கிறது, வேலைக்கு உதவும் கை வரவில்லை.

பிராண்ட் அந்த முறையீட்டை நன்றிகெட்டதனமாக எடுத்துக்கொள்ளாமல் ஆய்வு முடிவாக எடுத்துக்கொண்டார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. கல்லூரி வளாகத்தில் 'நவ ஜீவ நிலையம்' என்ற குடியிருப்பை ஏற்படுத்தி, அறுவை முடிந்தவர்கள் தச்சு முதலிய கைத்தொழில் பழக வழி செய்தார். மருத்துவத் திருப்திக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பியது தச்சுப்பட்டறை. இன்றைய வினாத்தாள் ஒன்று அன்று இருந்திருந்தால், அந்த நோயாளிகள் கையின் தோற்றத்துக்கு முழு மதிப்பெண்ணும் வாழ்க்கைக்குப் பூச்சியமும் போட்டிருப்பார்கள். சராசரி எடுத்தவர் நடுத்தரத் திருப்தி என்று எழுதியிருப்பார்.

7. இங்கே, இன்று

கை அறுவையில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. வேலூரை அடுத்து, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசுவாமி வளர்த்த கை அறுவைத் துறை, கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜா சபாபதியின் குழு என்று அந்தப் பாரம்பரியம் தொடர்கிறது. திறமைக்குப் பஞ்சம் இல்லை. எதிர்பார்ப்பு உருவாகும் இடங்கள்தான் திறமைக்கு வெளியே இருக்கின்றன.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. உயிர் காக்கும் நோக்கில் இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த 48 மணி நேரத்தில் கவனம் தலையிலும் வயிற்றிலும் தொடை எலும்பிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். தொங்கும் கை வரிசையில் கடைசி. நரம்பின் காலக்கெடு மாதங்களில் ஓடுகிறது. எலும்பு கூடட்டும், தானாக வந்துவிடும் என்று ஒருவர் சொல்வார். எண்ணெய்க் கட்டு போட்டுப் பார்க்கலாம் என்று இன்னொருவர். ஆறு மாதம் இப்படிக் கரையும். சில நரம்புக் காயங்கள் உண்மையிலேயே தானாக மீள்வதால் இந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அதை எதிர்ப்பது கடினம். தாமதமாக வந்து சேர்ந்தவருக்குக் கிடைக்கக்கூடிய பலன் சுருங்கிவிட்டது. எதிர்பார்ப்பு சுருங்கவில்லை, காத்திருந்த காலத்தில் வளர்ந்திருக்கிறது.

அறுவைக்குப் பிந்தைய காலம் இதைவிடச் சிக்கலானது. தைத்து அனுப்பிய பிறகு நான்கைந்து மாதங்களுக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகலாம். அந்தக் காலத்தில்தான் பிசியோதெரபிக்கு வாரந்தோறும் பஸ் ஏறி வர வேண்டும், கூடவே துணைக்கு ஒருவர், அவருக்கும் ஒரு நாள் கூலி போகும். எதுவும் நடக்காத மாதங்களுக்காகச் செலவழிக்கச் சொல்கிறோம். இதை நோயாளியின் பொறுமைக் குறைவாகப் பேசுவது வழக்கம். எனக்கு இது கணக்குப் பிரச்சினையாகத் தெரிகிறது.

இழப்பீட்டு வழக்கு வேறொரு இழை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஊனத்தின் விழுக்காடு பணமாகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று கேட்டால், கேட்பவர் யார், அந்தத் தாள் எங்கே போகும் என்று நோயாளி யோசிப்பது இயல்பு. இதைப் பாசாங்கு என்று முத்திரை குத்துவது அநியாயம். இந்தப் புள்ளியில் நீதிமன்றம் மருத்துவத்தைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறது என்பது வியப்பு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், 2011-ன் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில், உடல் ஊனத்தின் விழுக்காடும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரே இடக்கை இழப்பு ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய முழு இழப்பு. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். தொழிலை வைத்துக் கையை அளக்கும் இந்த எளிய உண்மை பூச்சியம் முதல் ஐந்து வரையிலான அளவுகோலுக்கு இன்னும் எட்டவில்லை.

8. எப்போது, யார் கேட்பது

எதிர்பார்ப்பைக் குறைத்துச் சொன்னால் திருப்தி கூடும் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆலிவரின் கோட்பாட்டை இயந்திரம் போலப் பயன்படுத்தினால் அப்படித்தான் வரும். நரம்பு அறுவையில் அது ஆபத்து. எதிர்பார்ப்பு முழுக்க வற்றிப்போனவர் பிசியோதெரபிக்கு வரமாட்டார். வராதவரின் தசை வளர்ந்து வரும் நரம்பை வரவேற்கத் தயாராக இருக்காது, மூட்டு இறுகிவிடும். மூச்சை இழுத்து முழங்கையை அசைக்கும் பயிற்சிக்கு, அது ஒரு நாள் மூச்சில்லாமலும் அசையும் என்ற நம்பிக்கை தேவை. நம்பிக்கை இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. தேவைப்படுவது எதிர்பார்ப்பின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை, அதற்கு உருவம் கொடுப்பது: எந்த மூட்டு, எந்த மாதம், எந்த வேலைக்கு.

அறுவைக்கு முதல் நாள் மாலை, கையெழுத்து வாங்கும்போது இதைப் பேசி முடித்துவிட முடியாது. காயம் பட்ட மாதங்களில் கேட்ட ஒன்றும் மனதில் தங்காது. அறுவைக்கு முன் ஒருமுறை, துடிப்பு எதுவும் தெரியாத நான்காம் மாதத்தில் ஒருமுறை, முதல் துடிப்பு வந்து எதிர்பார்ப்பு திடீரென்று பொங்கும்போது ஒருமுறை, மீட்சி நின்றுவிட்டது என்று மருத்துவருக்குத் தெரிந்து நோயாளிக்குத் தெரியாத இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒருமுறை. கடைசிப் பேச்சு பெரும்பாலும் நடப்பதே இல்லை. நோயாளி தானாக வருவதை நிறுத்திக்கொள்கிறார். திருப்தி ஆய்வின் வினாத்தாள் அவர் வீட்டுக்குத் தபாலில் போகிறது. வந்த விடைகளை வைத்து விழுக்காடு போடுகிறார்கள். விடை அனுப்பாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

கேட்பவர் அறுவை மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அவர் முகத்தைப் பார்த்து 'நல்லாருக்கு சார்' என்பதைத் தவிர வேறெதுவும் வராது. வாரந்தோறும் கையைத் தொட்டுப் பழகிய பிசியோதெரபிஸ்டிடம் ஆட்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். அறுவைக்கு முன் நோயாளியே தன் வார்த்தையில் மூன்று வேலைகளைச் சொல்லட்டும், அது அப்படியே கோப்பில் ஏறட்டும்: டிராக்டர் ஓட்டணும், தலை சீவணும், ராத்திரி தூங்கணும். பின்னாளில் திருப்தியைக் கேட்பவர் அந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்கலாம்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எல்லாம் செய்து பார்த்து, விரல் வரவே வராது என்று தெரிந்த பிறகு? செயலிழந்த கையை வெட்டிவிடலாமா என்ற விவாதம் பழையது. இயோமன், செடன் இருவரும் 1961-லேயே அதை எழுதியிருக்கிறார்கள். 2015-ல் வியன்னாவின் ஆஸ்மன் குழு 'லான்செட்' இதழில் மூன்று பேரைப் பற்றி எழுதியது. மூவரும் நரம்புப் பின்னல் காயத்தால் கைப்பிடியை இழந்தவர்கள், முந்தைய சிகிச்சைகள் பலன் தராதவர்கள். எஞ்சிய நரம்பு, தசைச் சமிக்ஞைகளைப் பயிற்சியால் வலுப்படுத்திக்கொண்டு, பிறகு தாமே ஒப்பிக் கையை வெட்டச் சொல்லி, இயந்திரக் கை பொருத்திக்கொண்டார்கள். அதற்குப் பின் பொருள்களைப் பிடிக்க அவர்களால் முடிந்தது. அவர்களிடம் முன்பு நடந்த நரம்பு அறுவை பற்றித் திருப்தியா என்று கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று அந்தக் கட்டுரையிலிருந்து ஊகிக்க முடியாது. ஆனால் வெட்டுவதற்கு முன் அவர்களிடம் எதிர்பார்ப்பை விரிவாகப் பேசினார்கள், மனநிலையை மதிப்பிட்டார்கள், வெட்டாமலே செயற்கைக் கையைக் கட்டிப் பழகிப் பார்க்க வைத்தார்கள். ஒரு கையை எடுப்பதற்கு முன் செய்த இந்த ஏற்பாட்டை, ஒரு கையைச் சரிசெய்வதற்கு முன் எத்தனை மருத்துவமனைகளில் செய்கிறார்கள்?